பதின்மூன்றாவது தலையணை

பெரியம்மாவின் கனவில் அண்ணன் வந்து காப்பி கேட்டானாம். அதைச் சொல்வதற்காகவே காலை எட்டு மணிக்கு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"நுரையில்லாம குடு பெரியம்மான்னான். நானும் கரண்டியால எடுத்து எடுத்துப் போடறேன், நுரை அடங்கவே மாட்டேங்குது. அதுக்குள்ள பால்காரன் மணியடிச்சு எழுப்பிட்டான், பாவி."

அம்மா தையல் மிஷினை நிறுத்தவில்லை. தலையணை உறையின் மூன்றாவது பக்கத்தை ஓட்டி முடித்துத் துணியைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"சட்டை என்ன கலரு?"

"சட்டையை யாரு பார்த்தா?"

"முகம்?"

"முகம் தெளிவா இருந்துச்சு. கொஞ்சம் சதை போட்டிருந்தான்."

மிஷின் நின்றது. "உன் வீடு தேடிப் போய் காப்பி கேக்கறான். எங்கிட்ட ஒரு வாய் தண்ணி கேக்க வரல" என்றாள் அம்மா.

பெரியம்மாவுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தவனே அண்ணன்தான். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. கண்ட கனவு அவள் வயிற்றில் தங்காது, அவ்வளவுதான். அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் வந்திருக்கக் கூடாது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். கொண்டுவந்த வாழைப்பழத்தை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.

அண்ணன் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. அதற்குள் பெரியம்மாவின் கனவில் ஐந்து முறை வந்துவிட்டான். தெருமுனையில் பஞ்சர் ஒட்டுகிறவர் கனவிலும் வந்து, டயரில் காற்று போதவில்லை என்று சண்டை போட்டிருக்கிறான். அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கு நாள்தான் வீட்டில் இருப்பார். அவரிடம் கேட்டால், "நான் கனவு கண்டா வண்டி பள்ளத்துல கிடக்கும்" என்று பேச்சை முடித்துவிடுவார். ஆனால் வாசலில் நிறுத்திய லாரியின் சீட்டில் சாய்ந்து தூங்கும்போது அவர் அண்ணனைக் கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

என் கனவிலும் வருகிறான். வாரத்துக்கு இரண்டு முறையாவது வருவான். பெரிதாக ஒன்றும் செய்யமாட்டான். ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்வான். இல்லையென்றால் என் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான். நான் இதை அம்மாவிடம் சொன்னதேயில்லை. பசியோடு இருப்பவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது போல இருக்கும்.

அம்மாவின் கனவில் மட்டும் அவன் ஒருமுறைகூட வரவில்லை.

எங்கள் தொழில் தலையணையும் மெத்தையும். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அம்மா உறை தைப்பாள். அண்ணன் பஞ்சு அடிப்பான், ஆர்டர்களை பைக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பான். பழைய தலையணைகளும் வரும். வருடக்கணக்கில் தலை அழுந்தி உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகிவிடும். உறையைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு இரண்டு பிரம்பால் அடிக்க வேண்டும். கட்டி உடைந்து பஞ்சு பொங்கி எழும். "மண்டைக்குள்ளயும் இதான் நடக்குது" என்பான் அண்ணன். "பகல் பூரா எதையாவது போட்டு அமுக்கறோம். தூங்கும்போது எவனோ பிரிச்சு வெச்சு அடிக்கறான். பறக்கறதெல்லாம் கனவு." இலவு காத்த கிளியைப் பற்றியும் அவனிடம் ஒரு பேச்சு உண்டு. "அந்தக் கிளியை ஏமாத்தினது மரம் இல்ல, நாமதான். அது பழுக்கும் பழுக்கும்னு உட்கார்ந்திருக்கு, நாம உறையில போட்டுத் தைச்சு வித்துட்டோம்."

அன்று காலை மெத்தையை பைக்கில் கட்டிவிட்டு வாசலில் வந்து நின்று, "கிளம்பறேம்மா" என்றான். அம்மா ஓர் உறையின் மூலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மூலையில் கையெடுத்தால் தையல் விலகிவிடும். "ம்" என்று மட்டும் சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில், நாற்சந்தியில் தண்ணீர் லாரி திரும்பும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

"அன்னிக்கு நான் முகத்தைப் பார்க்கல. அதான் அவன் காட்ட மாட்டேங்கறான்" என்பதுதான் அம்மாவின் முடிவு. யார் என்ன சொல்லியும் அது மாறவில்லை.

பத்தாம் வகுப்பின் பாதியில் நான் பள்ளியைவிட்டு நின்று பிரம்பை எடுத்தேன். முதல் மாதம் அம்மா தூங்கவேயில்லை. டாக்டர் அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூக்கம் வந்தது, கனவு வரவில்லை. அரை ஒன்றானது. பிறகு மத்தியானத்துக்கும் ஒன்று. தூங்கும் நேரம் கூடினால் கனவு வரும் நேரமும் கூடும் என்று அவள் கணக்குப் போட்டாள். அண்ணனின் தலையணையைத்தான் வைத்துக்கொள்வாள். நீலக் கோடு போட்ட உறை. ஒரு மூலை கிழிந்து, அவனே கறுப்பு நூலால் தாறுமாறாகத் தைத்திருந்தான். "தலையணை தைக்கறவ வீட்டுல இப்படி ஒரு தையலா" என்று அம்மா அப்போது தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது அந்த மூலையைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பாள்.

அந்த மூலையைத் தைத்தது நான்.

இரண்டாவது மாதத்தில் ஒருநாள், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் இருந்து பன்னிரண்டு தலையணைகள் அடிக்க வந்திருந்தன. எங்கள் வழக்கப்படி, ஒவ்வொரு வீட்டுத் தலையணைக்கும் ஒரு நிறத்தில் மூலையில் நூல் முடிந்து வைப்போம், மாறிவிடக் கூடாது என்று. ஹாஸ்டலுக்கு அது தேவையில்லை. எல்லாப் பஞ்சையும் ஒரே குவியலாகக் கொட்டி அடித்து, சம எடையில் பிரித்து நிரப்பிவிடுவோம். அன்று அம்மா அண்ணனின் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா வந்து டாக்டரிடம் அழைத்துப் போனபோது அதை ஹாஸ்டல் தலையணைகளின் மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. வரிசையாகப் பிரித்துக் கொட்டினேன். வேலை புதிது; சீக்கிரம் முடித்துப் பேர் வாங்க வேண்டும் என்ற அவசரம் வேறு. அடித்து முடித்து உறைகளை உதறும்போதுதான் பதின்மூன்றாவது உறை கையில் வந்தது. நீலக் கோடு. கறுப்பு நூல்.

குவியல் என் இடுப்பளவு நின்றது. அதில் எது அவனுடையது?

அழுவதற்கு நேரமில்லை. ஒரு பங்கு பஞ்சை அந்த உறையில் நிரப்பினேன். பிரித்த மூலையைக் கறுப்பு நூலால் தைத்தேன். அவனைப் போலவே கோணலாக வர வேண்டும் என்று இரண்டு முறை பிரித்துப் பிரித்துத் தைத்தேன். அம்மா வந்து தலையணையை எடுத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது மாதமாக நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியம்மா காப்பிக் கனவைச் சொல்லிவிட்டுப் போன அன்று அம்மா காலையிலேயே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள். பிறகு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் "ஸ்" என்றொரு சத்தம். ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கி நின்றது. முப்பது வருடத் தையலில் அவள் விரலில் ஊசி ஏறியதில்லை. சக்கரத்தைக் கையால் பின்னுக்குத் திருப்பி ஊசியை எடுத்தேன். அவள் அதை வேறு யாருடைய விரலோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளாஸ்திரி வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, அம்மா நேத்து ரெண்டு தடவை வந்துட்டாங்க. சீட்டு இல்லாம தரமாட்டேன்னுட்டேன். வேற கடையில வாங்கறாங்களா?"

தெரியாது என்று தலையாட்டினேன். எனக்கு வெளியாட்களிடம் அவ்வளவாகப் பேச்சு வராது. ஆனாலும் கேட்டுவிட்டேன். "அண்ணா, அதைப் போட்டா கனவு வருமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்கம்மாவும் இதையேதான் கேட்டாங்க. இது ஆளை அமுக்கித் தூங்க வைக்கற மாத்திரைம்மா. சில பேருக்குக் கனவையும் சேர்த்து அமுக்கிடும்னு சொன்னேன். அப்ப ரெண்டா போட்டா கனவு மேல வருமான்னாங்க. என்னத்தச் சொல்ல. திடீர்னும் நிறுத்தக் கூடாது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, அவர் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாரு."

வீட்டுக்கு வந்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே அதைச் சொன்னேன். அம்மா சிரித்தாள். நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.

"மாத்திரை மேல பழி போடாத. அவன் தலைக்கு வெச்சுப் படுத்த தலையணை இது. இதுல படுத்தும் வரலன்னா என்ன அர்த்தம்? எம்முகத்துல முழிக்க மாட்டேன்னு அர்த்தம். விடு. இனிமே கனவுக்காகத் தூங்கல. சும்மா தூங்கறேன். எழுந்திருக்காம தூங்கினாலும் சரி."

கடைசி வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிளாஸ்திரி கோணலாக ஒட்டிக்கொண்டது.

"அது அவன் தலையணை இல்லம்மா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குவியலை, பதின்மூன்றாவது உறையை, இரண்டு முறை பிரித்துத் தைத்ததை. நான் முடித்ததும் அம்மா கத்தரிக்கோலை எடுத்துக் கறுப்பு நூலை வெட்டினாள். உள்ளே கையை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்து முகர்ந்தாள். உள்ளங்கையில் வைத்து விரித்துப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்த ஆர்டரு?"

"ஹாஸ்டல்."

"எந்திரி" என்று செருப்பைத் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஹாஸ்டல் வார்டன் இடுப்பில் சாவிக்கொத்தோடு கேட்டிலேயே மறித்தார்.

"தலையணைக்கு என்னம்மா இன்ஸ்பெக்ஷன்? பன்னண்டு குடுத்தேன், பன்னண்டு வந்துச்சு. அதோட முடிஞ்சுது."

"பஞ்சு கட்டி தட்டிருக்கான்னு பார்க்கணும்" என்றாள் அம்மா.

"ஒன்பது மாசம் கழிச்சா? நல்ல தொழில் பக்திதான். சரி, செருப்பை வெளிய விடுங்க, தரை இப்பத்தான் துடைச்சது."

நீண்ட அறை. பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள். ஆறு பெண்கள்தான் இருந்தார்கள். ஒருத்தி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தாள், இரண்டு பேர் ஒரே போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கட்டில் கட்டிலாகப் போய்த் தலையணைகளை அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் முகர்ந்தாள். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் தலைவலித் தைலம், ஒன்றில் பவுடர். எதிலும் அவன் இல்லை. கடைசிக் கட்டில் வரை போய்விட்டு அங்கேயே நின்றாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"இதுல படுத்தா உங்களுக்கெல்லாம் என்ன கனவு வருது?"

போன் பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "கம்பெனி சர்வேயா ஆன்ட்டி?"

"சொல்லேன், கண்ணு."

அம்மாவின் குரலைக் கேட்டு அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எனக்கு எப்பவும் லிஃப்ட்தான் ஆன்ட்டி. ஏறினா மேல போகாது, பக்கவாட்டுல போவும். எல்லார் வீட்டு சமையல்கட்டு வழியாவும் போவும்."

"எனக்குப் பல்லு கொட்டும்" என்றாள் ஈரத் துண்டுக்காரி. "நான் அதை வேர்க்கடலை மாதிரி மென்னுட்டு இருப்பேன்."

"எனக்குப் பரீட்சை. படிப்பை முடிச்சு ஆறு வருஷமாச்சு, இன்னும் ஹால் டிக்கெட்டைத் தேடிட்டு இருக்கேன்."

"இவளுக்கு வார்டன் வருவாங்க" என்று இன்னொருத்தி சொல்லி முதுகில் குத்து வாங்கிக்கொண்டாள்.

"இருபத்திரண்டு வயசுப் பையன் யாராவது? நெத்தியில இங்க ஒரு தழும்பு இருக்கும்" என்று அம்மா தன் புருவத்தின் மேல் விரல் வைத்துக் காட்டினாள்.

அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவைப் பார்ப்பதைத் தவிர்த்துவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எங்க அண்ணன்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஒருத்தி எழுந்து வந்து அம்மாவைத் தன் கட்டிலில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். இதுவரை வாயே திறக்காத மூலைக் கட்டில்காரி. அம்மா குடித்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டுச் சொன்னாள். "எனக்கு எங்கம்மா வருவாங்க ஆன்ட்டி. போயி ரெண்டு வருஷம் ஆகுது."

அம்மா நிமிர்ந்தாள். "பேசுவாங்களா?"

"ம்ஹூம். பாத்திரம் தேய்ச்சுட்டு இருப்பாங்க. முதுகு மட்டும்தான் தெரியும். ஒரு தடவைகூடத் திரும்பினதில்ல."

அம்மாவின் கையில் இருந்த பாட்டில் அசைந்து தண்ணீர் மடியில் சிந்தியது. "திரும்பலன்னு உனக்குக் கோவம் வராதா?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எதுக்கு ஆன்ட்டி? ஸ்கூல் விட்டு வரும்போதெல்லாம் அப்படித்தான் இருப்பாங்க. அந்த முதுகைப் பார்த்ததும் பையைக் கழட்டிப் போடுவேன். அம்மா வீட்டுல இருக்காங்கன்னு தெரிஞ்சா போதாதா? கனவுலயும் அதான், பையைக் கழட்டிப் போடறேன். அப்புறம் முழிப்பு வந்துடும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "முதுகு மேல யாராவது கோச்சுப்பாங்களா?"

அம்மா அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அந்தக் கட்டிலின் தலையணையை எடுத்து இரண்டு பக்கமும் தட்டி, நடுவில் குழி விழுந்த இடத்தைச் சரிசெய்து, திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"வேணும்னா ஒண்ணு எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் வாசலில் நின்றிருந்த வார்டன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "நான் எழுதிக்கறேன்."

"வேணாம். பிள்ளைங்க படுத்துக்கட்டும்."

திரும்பி வரும் வழியில் நாற்சந்தி வந்தது. வழக்கமாக அங்கே வந்தால் வேகமாக நடப்பாள். அன்று விளக்குக்கம்பத்தின் அருகில் நின்றாள். நான் இன்னொன்றையும் மறைத்து வைத்திருந்தேன். பதினோரு மாதமாக அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன். அவன் நின்றான் என்று தெரிந்தால் அம்மா இன்னும் உடைந்துபோவாள் என்ற பயம்தான். இப்போது அந்தப் பயம் இல்லை.

"அன்னிக்கு அவன் உடனே போகல" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளம்பறேம்மான்னு சொல்லிட்டு உள்ள வந்தான். நீ தைச்சுட்டு இருந்தே. உன் பின்னாடி நின்னான். உன் கொண்டையில பஞ்சு ஒட்டியிருந்துச்சு. குனிஞ்சு அதை ஊதினான். அது பறந்து போய் மிஷின் மேல விழுந்துச்சு. என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போனான்."

"எனக்குத் தெரியலையே" என்றாள் அம்மா.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு மெதுவாத்தான் ஊதினான்."

அவள் விளக்குக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். அத்தனை மாதத்தில் அவள் தெருவில் நின்று அழுதது அன்றுதான். நான் பக்கத்தில் நின்று அவள் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் போனது. இரண்டாவது பஸ் போன பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நட" என்றாள்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் சிறுகச் சிறுகக் குறைத்தார். முதல் இரண்டு வாரம் அம்மா சரியாகத் தூங்கவில்லை, எரிந்து விழுந்தாள், பெரியம்மா போன் செய்தால் "ஸ்டேஷனை மூடு" என்று வைத்துவிட்டாள். நீலக் கோடு உறையை வெட்டிய மூலையோடு அப்படியே மடித்து அலமாரியில் வைத்தாள். அதிலிருந்த பஞ்சை அடுத்த குவியலில் சேர்த்து அடிக்கச் சொன்னாள். நான் தயங்கினேன். "அடி. யாராவது படுக்கட்டும்" என்றாள்.

நாலாவது வாரம் ஒரு காலை. நான் பிரம்பை எடுத்துக்கொண்டு வந்தபோது அம்மா மிஷினில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"கனவு வந்துச்சுடி."

நான் பிரம்பைக் கீழே வைத்தேன்.

"அந்த ஹாஸ்டல் வார்டன். சாவிக்கொத்தோட நம்ம வீட்டுக்கு வந்து தலையணையை எண்ணுது. பதின்மூணு இருக்கு, ஒண்ணு யாரோடதுங்குது. எங்களுதுன்னேன். எழுதிக் குடுங்குது. பேனாவைத் தேடறேன், ஊசி ஊசியா கையில வருது. அந்தம்மா வேற, தரை துடைச்சிருக்கு துடைச்சிருக்குன்னு கத்துது."

"அண்ணன்?"

"வரல."

இன்னும் பஸ் வரவில்லை என்பது போலத்தான் சொன்னாள். நூலைப் பல்லால் கடித்து முனையை விரல்நுனியால் முறுக்கினாள். ஒரே முறையில் கோத்துவிட்டாள்.

"உனக்கு வருவானா?" என்று முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"வருவான்."

"என்ன பண்ணுவான்?"

"ஊசியில நூல் கோத்துத் தரச் சொல்லுவான். என் செருப்பைப் போட்டுட்டுப் போயிடுவான்."

"அறுந்துடப் போகுது. அவன் கால் பெருசு" என்றாள் அம்மா.

மிதியில் கால் வைத்தாள். மிஷின் ஓடத் தொடங்கியது. நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு குவியலை அடித்தேன். வெயில் வாசல் வழியாக வந்து பறக்கிற பஞ்சின் மேல் விழுந்தது. உறையின் மூலைக்கு வந்ததும் அம்மா வேகத்தைக் குறைத்தாள்.

"என் தலையில பஞ்சு இருக்கா பாரு."

இருந்தது. கொண்டைக்குக் கீழே, கழுத்தை ஒட்டி ஒரு சின்னத் துணுக்கு. "இருக்கும்மா" என்று கையை நீட்டினேன்.

"எடுக்காத. இருக்கட்டும்" என்றாள். கையெடுக்காமல் மூலையைத் திருப்பினாள்.